ஊசியின் கண்ணும் காதும்

போர்க்கால ஒற்றர்களைப் பொருளாகக் கொண்ட நாவல்கள் மேலை நாடுகளில் மலிந்து கிடக்கின்றன. அவற்றுட் பெரும்பாலானவை இரயில் வண்டியில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது மறந்துவிடத் தக்கவை. மிகச் சிலவே ஆண்டுகள் பல கழிந்த பின்னும் படிக்கப்படுகின்றன. வேல்ஸ் நாட்டவரான கென் ஃபாலெட் எழுதிய 'ஐ ஆஃப் தி நீடில்' அத்தகைய சிலவற்றுள் ஒன்று. 1978ஆம் ஆண்டில் பிரிட்டனில் 'ஸ்டார்ம் ஐலண்ட்' என்னும் பெயரோடு வெளிவந்து, பின்னர் இப்பெயரால் உலகெங்கும் பரவிய இந்நாவல், 1979இல் அமெரிக்க மர்மக்கதை எழுத்தாளர் சங்கத்தாரின் எட்கர் விருதினைப் பெற்றது. 1981இல் திரைப்படமாகவும் வந்தது. போரில் எதிரியை ஏமாற்றுவதே இதன் பொருள்.

இத்தகைய நூலைத் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது தகுமா என்று வாசக அன்பர் சிலர் வினவக்கூடும். பொழுதுபோக்கு நூல்தானே என ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. பொய்யும் வாய்மையும் பற்றி அறநூல்கள் கூறுவனவற்றைக் கற்போர் சிலர். இத்தகைய கதைகளைப் படிப்போரோ பல இலட்சம் பேர். எப்போது பொய் கூறலாம், யாரிடம் கூறலாம், கூறினால் அதன் சுமையை யார் தாங்குவது என்னும் வினாக்களுக்கு அவர்கள் உள்ளத்தில் விடை எழுதுவது இத்தகைய நூல்களே. ஆதலின் இந்நூல் அவ்வினாக்களுக்கு என்ன விடை தருகிறது என்று ஆராய்வது வீண் வேலையாகாது.

கதைப் போக்கு

1944ஆம் ஆண்டு. நேச நாடுகள் ஐரோப்பியக் கரையில் படையிறக்க ஆயத்தம் செய்கின்றன. இறங்கவிருக்கும் இடம் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரை. ஆனால் கடற்கால்வாய் மிகக் குறுகியிருக்கும் கலேப் பகுதியிலேயே தாக்குதல் வரும் என்று ஜெர்மானியர் நம்ப வேண்டும். அதற்காக இங்கிலாந்தின் தென்கிழக்கில், அமெரிக்கத் தளபதி பேட்டனின் பெயரைத் தலைமையில் வைத்து, இல்லாத ஒரு சேனையை இருப்பதாகக் காட்டுகின்றனர். இதுவரையில் எல்லாம் வரலாறு.

இவ் வரலாற்றின்மீது ஃபாலெட் தம் புனைவை எழுப்புகிறார். லண்டனில் ஹென்றி ஃபேபர் என்ற பெயரில் வாழும் ஜெர்மானிய ஒற்றன் ஒருவன் இருக்கிறான். மெல்லிய குத்துவாளால் கொல்பவனாதலின் 'ஊசி' என்பது அவனுக்குக் குறிப்புப் பெயர். கிழக்கு இங்கிலாந்துக்குச் செல்லும் அவன், அங்கு நிற்கும் போர் விமானங்கள் பலகையால் ஆனவை என்பதைக் கண்டுகொள்கிறான், படம் பிடிக்கிறான். அப்படச்சுருள் பெர்லினை அடைந்தால் பெரும்படை இறங்கும் இடம் வெளிப்பட்டுவிடும். வரலாற்றுப் பேராசிரியரான காட்லிமனும் காவல்துறையினரான பிளாக்ஸும் அவனைத் துரத்துகின்றனர். நீர்மூழ்கிக் கப்பலைச் சந்திக்கக் கடலில் இறங்கிய ஃபேபரின் படகு புயலில் சிதைகிறது. ஏறத்தாழ ஆளற்ற ஒரு தீவில் அவன் ஒதுங்குகிறான்.

அத்தீவில் டேவிட், லூசி என்னும் இளந்தம்பதியர் வாழ்கின்றனர். டேவிட் விமானப் படை வீரன். மணநாளன்றே நேர்ந்த கார் விபத்தில் இரு கால்களையும் இழந்து, மனம் கசந்து, மனைவியிடமிருந்து விலகி வாழ்பவன். புயலிலிருந்து வந்தவனை லூசி பேணுகிறாள். நாளடைவில் அவன்பால் உள்ளத்தையும் இழக்கிறாள். படச்சுருளைக் கண்டுபிடித்த டேவிட்டை ஃபேபர் கொன்றுவிடுகிறான். கணவனின் சடலத்தைக் கண்ட லூசி உண்மையை உணர்கிறாள். அவன் வானொலிக் கருவியில் பேசவிடாமல் தடுக்க மின்விளக்கின் துளையில் தன் விரலையே நுழைத்து மின்னோட்டத்தை அறுக்கிறாள். கடற்பாறையில் இறங்கித் தப்ப முயல்பவனைக் கல்லெறிந்து வீழ்த்துகிறாள். படச்சுருள் பெர்லின் சேரவில்லை. நார்மண்டி காக்கப்படுகிறது.

நூலின் திறம்

குறை கூறுமுன் நிறை கூறுவது திறனாய்வாளன் கடன். இந்நூலின் முதல் நிறை, படிப்போன் முடிவை முன்னரே அறிந்திருந்தும் அவனைப் பதைக்க வைப்பது. நார்மண்டியில் படை வெற்றியோடு இறங்கியதை உலகமே அறியும். ஃபேபர் தோற்பான் என்பதில் ஐயமே இல்லை. எனினும் இறுதிப் பக்கங்களை மூச்சடக்கியே படிக்கிறோம். இது எளிய ஆற்றலன்று.

இரண்டாவது நிறை இன்னும் அரியது. இக்கதையில் உண்மையைச் சுமந்து செல்பவன் கொலைகாரன். பொய்யைப் பரப்புவோர் நாம் வெற்றிபெற வேண்டும் என்று விழையும் நன்மக்கள். ஃபேபர் தன் தலைவர்க்கு அனுப்ப விரும்புவது கலப்பற்ற மெய். அம்மெய் கடலில் மூழ்க வேண்டும் என்று படிப்போன் வேண்டுகிறான். நன்மையும் வாய்மையும் எப்போதும் ஒரே பக்கத்தில் நிற்பன என்று எண்ணிப் பழகிய உள்ளத்தை இந்நிலை அசைத்துப் பார்க்கிறது. தீமை கலவாத நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் தகுதி பெறும் என்பது வள்ளுவர் கொள்கை. 'தீமை கலவாத' என்னும் அந்த நிபந்தனையே கடினமானது. அதை நாவல் எவ்வளவு தூரம் எதிர்கொள்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முன்னுரையும் வரலாறும்

ஃபாலெட் தம் நூலுக்கு ஒரு சிறு முன்னுரை வைத்திருக்கிறார். பொய்ச் சேனை வரலாறு, அதன்பின் வருவது கற்பனை என்று நேர்மையோடு பிரித்துக் காட்டிவிட்டு, இருந்தாலும் இதுபோல் ஏதோ ஒன்று நடந்தேயிருக்க வேண்டும் என்று தமக்குத் தோன்றுவதாகவும் சொல்லிவைக்கிறார். கற்பனைக்கு நாம் வரலாற்றின் கணக்கைக் காட்டி வழக்காடுவதில்லை. ஆனால் கற்பனையே வரலாற்றின் வாசலில் வந்து நின்று 'நானும் இவ்வீட்டைச் சேர்ந்தவன்' என்று கூறும்போது கணக்குக் கேட்பது முறையாகிறது.

நடந்தது என்ன? பிரிட்டனுக்குள் ஜெர்மனி அனுப்பிய ஒற்றர்கள் பிடிபட்டனர். அல்லது தாமே சரணடைந்தனர். அவர்களுட் பலரைப் பிரிட்டிஷ் உளவுத்துறையினர் தம் பக்கம் திருப்பி, அவர்கள் வாயிலாகவே ஜெர்மனிக்குச் செய்தி அனுப்பினர். இவ்வேலையை மேற்பார்த்த குழுவுக்குத் தலைவர் ஆக்ஸ்போர்டு வரலாற்று ஆசிரியர் மாஸ்டர்மன். இவர் 1933இலேயே துப்பறியும் நாவல் ஒன்றை எழுதியவர் என்பது கருதத்தக்கது. 1972இல் வெளியான தம் நூலில் அவர், பிரிட்டனுக்குள் இயங்கிய ஜெர்மானிய ஒற்று முழுவதும் தம்மவர் கைக்குள்ளேயே இருந்தது என்பதை உலகுக்கு அறிவித்தார். ஃபாலெட்டின் நாவல் வெளிவந்தது அதற்கு 6 ஆண்டுகளுக்குப் பின்னர்.

பிடிபடாமல் நெடுநாள் இருந்த ஒற்றன் ஒருவன் உண்மையில் உண்டு. 1940 நவம்பரில் வான்குடை வழியே இறங்கிய டெர் பிராக் என்னும் டச்சுக்காரன் அவன். கேம்பிரிட்ஜ் நகரில் வாடகை அறையில் தங்கி, கைப்பொருள் தீர்ந்து, 1941 ஏப்ரலில் வான்தாக்குதல் புகலிடம் ஒன்றில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்து கிடந்தான். ஆற்றல் மிக்க 'ஊசி'யின் இடத்தில் வரலாறு வைத்திருப்பது பசியும் தனிமையும் கொன்ற இந்த இரங்கத்தக்க மனிதனை.

எனவே, பொய்ச் சேனையின் மறைபொருள் ஒரே ஓர் ஒற்றனைத் தடுத்ததால் காக்கப்பட்டது என்னும் நாவலின் அடிப்படை, நடந்ததைத் தலைகீழாக்குவது. ஒற்றர்கள் வந்து சேராததால் ஜெர்மனி ஏமாறவில்லை. ஒற்றர்களின் செய்தி தடையின்றி வந்து சேர்ந்ததாலேயே ஏமாந்தது.

ஈண்டு நூலின் பெயரை நோக்குவது பயன் தரும். ஆங்கிலத்தில் ஊசிக்குக் கண் உண்டு. அரபு மொழி துளை என்ற அளவில் நின்றுவிடுகிறது. தமிழிலோ நாம் 'ஊசிக்காது' என்கிறோம். ஃபாலெட்டின் நாவல் முற்றிலும் கண்ணைச் சார்ந்தது. பலகை விமானத்தைக் கண் காண்கிறது, படக்கருவி பதிக்கிறது, படச்சுருள் பயணம் செய்கிறது. வரலாற்றில் நிகழ்ந்த ஏமாற்றோ பெரும்பாலும் காது வழிச் சென்றது. ஆற்று முகங்களிலும் துறைமுகங்களிலும் போலிப் படகுகளை நிறுத்தினர் என்பது உண்மை. ஆனால் ஜெர்மானிய விமானங்கள் வந்து பார்த்துச் செல்வதே அரிதாகிவிட்ட 1944இல், இல்லாத படைப்பிரிவுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதாகப் பரப்பிய வானொலிச் செய்திகளும், திருப்பப்பட்ட ஒற்றர்களின் மடல்களுமே பெருஞ்சுமையைத் தாங்கின. ஆங்கிலத் தலைப்பைவிடத் தமிழ் வழக்கே இங்கு வரலாற்றுக்குப் பொருந்துகிறது.

மூவர் சொல் ஒத்தால்

இவ்வொற்றர்களுள் தலைசிறந்தவர் ஹுவான் புஜோல் கார்சியா என்னும் ஸ்பானியர். பிரிட்டிஷார் அவருக்குக் 'கார்போ' என்று பெயரிட்டனர். ஜெர்மானியரை ஏமாற்றவேண்டும் என்னும் நோக்கோடே அவர்களிடம் ஒற்றனாகச் சேர்ந்த அவர், லிஸ்பனில் இருந்துகொண்டு, காணாத இங்கிலாந்தைக் கண்டதுபோல் எழுதி வந்தார். 1942இல் பிரிட்டிஷார் அவரை லண்டனுக்கு அழைத்துக்கொண்டனர். டோமாஸ் ஹாரிஸ் என்னும் ஓவியரோடு அமர்ந்து அவர் படைத்த துணை ஒற்றர்கள் 27 பேர். அவர்களுள் ஒருவரும் உயிருள்ள மனிதரல்லர். அவர்களுள் ஒருவன் லிவர்பூலில் இறந்துவிட்டதாக நாளேட்டில் மறைவுச் செய்தி வெளியிட்டு, அவனுடைய 'விதவை'க்கு ஜெர்மானியரிடமிருந்து உதவிப்பணமும் பெற்றுவிட்டனர்.

1944 ஜூன் 6ஆம் நாள் விடியுமுன், படை கடலில் வந்துகொண்டிருந்தபோது, கார்போ எச்சரிக்கைச் செய்தி ஒன்றை அனுப்ப அனுமதிக்கப்பட்டார். பயன்பட முடியாத அளவுக்குத் தாமதமான மெய் அது. அந்நேரத்தில் மேட்ரிட் நகரில் கேட்பாரும் இல்லை. கேளாத குற்றம் அவர்களுடையதாயிற்று. கார்போவின் மதிப்போ உயர்ந்தது. அம்மதிப்பை மூலதனமாக்கி ஜூன் 9 அன்று அவர் பெரும்பொய்யை அனுப்பினார். நார்மண்டி ஒரு திசைதிருப்பல், உண்மைத் தாக்குதல் கலேயில் வரவிருக்கிறது என்பது அச்செய்தி. அது ஹிட்லரின் தலைமையகம் வரை சென்றது. கலேப் பகுதியைக் காத்து நின்ற ஜெர்மானிய 15ஆம் சேனையின் பெரும்பகுதி, வராத படைக்காக வாரக்கணக்கில் காத்து நின்றது. அதே ஆண்டில் ஜெர்மனி அவருக்கு இரும்புச் சிலுவை விருதளித்தது. பிரிட்டனும் தன் விருதை வழங்கியது.

ஜெர்மானியர் அறிவிலிகள் என்று இதனால் முடிவு கட்டுவது எளிது, சரியாகாது. ஒற்றாடல் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறையை இங்கு நினைவுகூர்வோம். ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாதவாறு ஒற்றரை ஆள வேண்டும். மூவர் சொல் ஒத்தால் அதனைக் கொள்ளலாம் என்பது அம்முறை. ஜெர்மானியர் ஏறத்தாழ இதையே செய்தனர். மூவர் அன்று, முப்பதின்மர் சொல்லும் ஒத்திருந்தது. வானொலிச் செய்தியும் ஒத்திருந்தது. ஒருவரை ஒருவர் அறியாதவராகத் தோன்றிய அத்துணைப் பேரும் லண்டனில் ஒரே மேசையிலிருந்து பிறந்தவர்கள் என்பது ஒன்றே அவர்களுக்குத் தெரியவில்லை.

ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இவ்விடம் மிகவும் பழக்கமானது. செய்தி பல தொடர்களில் வருகிறது என்ற அளவில் ஹதீஸ் அறிஞர்கள் அமைதியடைந்துவிடுவதில்லை. அத்தொடர்கள் மேலே சென்று எங்கே கூடுகின்றன என்று தேடுவர். பத்துத் தொடர்களும் ஒரே அறிவிப்பாளரிடம் போய் முடியுமாயின், அது பத்துச் சான்றாகாது, ஒரு சான்றே. கூடிப் பொய்யுரைத்தல் இயலாது என்று கூறத்தக்க அளவுக்கு ஒவ்வொரு நிலையிலும் பலர் அறிவித்தால்தான் அதனைத் 'தவாத்துர்' என்பர். பெயர் வழங்கியும் ஆள் இன்னார், அவர் தகுதி இன்னது என்று அறியப்படாத அறிவிப்பாளரை 'மஜ்ஹூல்' என்று கூறி நிறுத்திவைப்பர். கார்போவின் 27 பேரும் மஜ்ஹூல்கள். அவர்களை நேரில் கண்ட ஜெர்மானியர் ஒருவரும் இலர். இருந்தும் நம்பினார்கள். நம்பத் தகுந்தது என்பதைவிட நம்ப விரும்பினார்கள் என்பதே பொருத்தம். தம் ஒற்றன் பொய்யன் என்று ஒப்புக்கொண்டால் தம் பதவிக்கே இழுக்கு வரும் என்னும் நிலையில் அவ்வதிகாரிகள் இருந்தனர். அறிவிப்பாளனின் நலனை மட்டுமன்றிக் கேட்போனின் நலனையும் ஆராய வேண்டும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இவ்வளவு செழிப்பான நிலத்தை ஃபாலெட் ஏன் தொடாமல் போனார்? துரத்துதல் இன்றி இவ்வகை நாவல் நடவாது. மேசையில் அமர்ந்து மடல் எழுதுவோரைத் துரத்த இயலாது. படச்சுருளைச் சட்டைப் பையில் வைக்கலாம்; நம்பிக்கையை வைக்க இயலாது. கலைஞன் தன் வசதிக்காகச் செய்த மாற்றம் என்று இதனைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் இம்மாற்றத்தால் நூல் வேறொன்றையும் இழந்துவிடுகிறது. அதைக் கூறுமுன், நூல் பெற்ற சிறந்த ஒன்றைக் கூறியாக வேண்டும்.

சூழ்ச்சியும் இரண்டகமும்

போரில் எதிரியைச் சூழ்ச்சியால் வெல்வதை இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் 'குத்ஆ' என்று குறித்து அனுமதிப்பர். ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில், கி.பி. 627இல், அகழ்ப் போரின்போது நுஐம் இப்னு மஸ்ஊத் அவர்கள் பகைக் கூட்டத்தாரிடையே ஒருவர் மீது ஒருவர்க்கு ஐயம் எழச் செய்து முற்றுகையைக் குலைத்த வரலாற்றை இதற்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். அதுவும் செவி வழிச் சென்ற சூழ்ச்சியே. ஆனால் கொடுத்த வாக்கையும் உடன்படிக்கையையும் அடைக்கலத்தையும் மீறுவது 'கத்ர்'. அது போரிலும் விலக்கப்பட்டது. ஹிஜ்ரி 189இல் மறைந்த இமாம் முஹம்மது அஷ்ஷைபானி அவர்களின் 'அஸ்ஸியருல் கபீர்' என்னும் நூலும், அதற்கு இமாம் அஸ்ஸரக்ஸி அவர்கள் எழுதிய விரிவுரையும் அடைக்கலம் பற்றி மிக விரிவாகப் பேசுகின்றன. எதிரி நாட்டில் அடைக்கலம் பெற்று நுழைந்தவன் அங்குள்ளோர் உயிருக்கோ பொருளுக்கோ வஞ்சனை செய்யலாகாது என்பது அறிஞர்கள் வகுத்த நெறி. பகைவனிடம் சூழ்ச்சி செய்யலாம். நம்பி இடங்கொடுத்தவனிடம் செய்யலாகாது. நம் தமிழ் மக்கள் இதனை 'உண்ட வீட்டுக்கு இரண்டகம்' என்று சுருங்கச் சொல்வர். சிலப்பதிகாரம் அடைக்கலத்துக்கென்றே ஒரு காதை வகுத்திருப்பதும் அறிஞர் அறிவர்.

ஃபாலெட்டின் நாவல் இவ்வேறுபாட்டைத் தானறியாமலே வரைந்துவிடுகிறது. பலகை விமானங்கள் குத்ஆ. அவற்றை ஜெர்மானியர்க்கு மெய்யென்று எவரும் வாக்களிக்கவில்லை. பார்த்து ஏமாறுவது பார்ப்போன் பொறுப்பு. தீவில் ஃபேபர் செய்வது கத்ர். கரையில் கிடந்தவனைத் தூக்கி உயிரளித்த வீட்டின் தலைவனை அவன் கொல்கிறான். கொன்ற பின்னும் அவ்வீட்டுப் பெண்ணிடம் இன்சொல் பேசுகிறான். மணமான பெண்ணின் வழுவலை ஆசிரியர் சித்திரித்திருக்கும் வெளிப்படையான முறை நம் வாசகர்க்கு உவப்பாயிராது. அதனை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆயினும் அதோடு முகம் திருப்பிக்கொள்பவர் இந்நூலின் சிறந்த பகுதியை இழப்பார்.

லூசி நாட்டுப்பற்றால் எழுந்தவளல்லள். படச்சுருளின் முழுப்பொருள் அவளுக்குத் தெரியாது. நார்மண்டியோ கலேயோ அவள் அறியாள். தன் வீட்டுக்குள் வந்து, தன் உப்பைத் தின்று, தன் நம்பிக்கையைக் கொன்றவனையே அவள் எதிர்க்கிறாள். இரு பேரரசுகளின் சூழ்ச்சி, ஒரு சிறு வீட்டின் இரண்டகத்தில் வந்து முறிகிறது. திரைப்படத்தில் அவள் துப்பாக்கியால் சுடுகிறாள். நாவலில் அவள் கையில் இருப்பது ஒரு கல். நாவலே இங்கு உயர்ந்தது. படை, கருவி, அரசு எதுவும் துணையில்லாத ஒருத்தி நிலத்தில் கிடந்ததை எடுத்து எறிவது, இரண்டகத்துக்கு மனித இயல்பு தரும் விடையாக நிற்கிறது.

சுமையை யார் தாங்கினர்?

இனி நாம் கூற வந்த முதன்மையான குறைக்கு வருவோம். இந்நாவலில் பொய்யின் விலை முழுவதையும் கொடுப்போர் எதிரியின் கையால் இறப்போரே. வீட்டுக்காரப் பெண்மணி, ஊர்க்காவல் வீரர்கள், ஆட்டிடையன், டேவிட் ஆகிய அனைவரையும் கொல்பவன் ஃபேபர். பொய்யை வகுத்தவர்களான பிரிட்டிஷார் ஒருவரும் தம் பொய்யால் எவர்க்கும் எத்தீங்கும் செய்ய நேரவில்லை. பேராசிரியர் காட்லிமன் தம் கைகள் தூயனவாகவே கதையிலிருந்து வெளியேறுகிறார். முடிவுரை 1970ஆம் ஆண்டுக்குத் தாவி, லூசிக்குப் பிளாக்ஸோடு புது வாழ்வும் அமைத்துக் கொடுத்துவிடுகிறது. வள்ளுவரின் 'தீமை கலவாத' என்னும் நிபந்தனை இவ்வாறு எளிதாக நிறைவேறிவிடுகிறது. தீமை அனைத்தும் ஃபேபரின் கணக்கில் எழுதப்பட்டுவிட்டது.

வரலாற்றின் கணக்கு அவ்வளவு தூய்மையானதாக இல்லை. பிடிபட்ட ஒற்றர் பலர்க்கு முன்னால் வைக்கப்பட்ட தேர்வு கடுமையானது: தன் நாட்டை ஏமாற்றப் பணி செய்வது, அல்லது சாவை ஏற்பது. பயன்படாதவன் என்று முடிவு செய்யப்பட்ட யோசெஃப் யாகோப்ஸ் 1941 ஆகஸ்டில் லண்டன் கோபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டான். பணி செய்ய இசைந்தவன் தன்னை நம்பி அனுப்பியோரை நாள்தோறும் வஞ்சித்து உயிர் வாழ்ந்தான். அவன் செய்தது குத்ஆவா, கத்ரா? எளிதில் தீர்ப்பளிக்க இயலாத வழக்கு இது. கார்போவைப்போல் தொடக்கத்திலேயே பகைவனாக உட்புகுந்தவனுக்கும், கழுத்தில் கயிற்றை உணர்ந்து மனம் மாறியவனுக்கும் ஒரே தீர்ப்பு வழங்கலாமா? நாவலாசிரியன் ஒருவனுக்கு இதைவிட ஆழமான கரு வேறென்ன வேண்டும்? மனம் திரியாத ஒற்றன் ஒருவனை மட்டும் படைத்ததால் ஃபாலெட் இவ்வினாவிலிருந்து தப்பித்துக்கொண்டார்.

இதினும் கடுமையான ஒன்று உண்டு. 1944 ஜூன் 13 முதல் ஜெர்மனி ஆளில்லாப் பறக்கும் குண்டுகளை லண்டன்மீது ஏவத் தொடங்கியது. அவை எங்கே விழுந்தன என்று அறிந்து கூறுமாறு தம் ஒற்றர்களையே ஜெர்மானியர் கேட்டனர். கார்போவும் கேட்கப்பட்டவர்களுள் ஒருவர். அக்குண்டுகள் பெரும்பாலும் நகர நடுவை எட்டாமல் தென்கிழக்கிலேயே விழுந்துகொண்டிருந்தன. உண்மை தெரிந்தால் ஜெர்மானியர் தூரத்தைக் கூட்டுவர். நகரின் நெரிசல் மிக்க நடுப்பகுதி அழியும். எனவே அவை நடுவைத் தாண்டி வடமேற்கில் விழுவதாக அவர்களை எண்ணச் செய்யலாம் என்று அறிவியலார் ஆர். வி. ஜோன்ஸ் வழி கூறினார். அவ்வாறு நம்பினால் அவர்கள் தூரத்தைக் குறைப்பர். குண்டுகள் மேலும் முன்னதாகவே விழும். அதாவது, சாவு வேறு மக்கள்மீது திரும்பும். இன்ன பகுதியினர் வாழ, இன்ன பகுதியினர் இறக்கட்டும் என்று முடிவு செய்ய நமக்கு என்ன உரிமை என்பது எழுந்த வினா. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன் இதனை எதிர்த்தார். எதிர்ப்பு எழுந்த பின்னும் அப்பணி நின்றுவிடவில்லை. அக்குண்டுகளால் பிரிட்டனில் இறந்தோர் ஏறத்தாழ 6,000 பேர்.

எதிரியை ஏமாற்றுதல் என்பதன் முழுப் பொருள் இங்கேதான் வெளிப்படுகிறது. எதிரியிடம் கூறிய பொய், சொந்த மக்களுள் எந்தத் தெரு எரிய வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது. அத்தெருவில் வாழ்ந்தோரிடம் ஒருவரும் கேட்கவில்லை, கேட்கவும் இயலாது. கேட்டிருந்தால் பொய் பொய்யாக நிலைத்திராது.

ஃபாலெட்டின் நாவல் வெளியான அதே 1978இல் ஜோன்ஸும் தம் போர்க்கால நினைவுகளை 'மோஸ்ட் சீக்ரெட் வார்' என்னும் பெயரில் வெளியிட்டார். தம் ஆலோசனையின்படி குண்டுகள் விழும் நடுப்புள்ளியாக அமையவிருந்த டல்விச் பகுதியிலேயே தம் பெற்றோர் வாழ்ந்ததையும், தாம் பயின்ற பள்ளி இருந்ததையும், அதைத் தெளிவாக அறிந்தே அவ்வாலோசனையைத் தாம் கூறியதையும் அவர் அந்நூலில் ஆரவாரமின்றிக் குறிப்பிடுகிறார். அவர் தம்மை உயர்த்திப் பேசவுமில்லை, மன்னிப்புக் கோரவுமில்லை. பொய் சொல்பவன் அதன் சுமையைத் தன் தோளிலும் ஏற்றிக்கொண்டு நிற்கும் காட்சியைக் காட்லிமனின் அறையில் நாம் எத்தனை பக்கம் தேடினும் காண முடியாது.

முடிவுரை

ஒரு பொழுதுபோக்கு நாவலின்மீது இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா என்று கேட்பார்க்கு நம் விடை இது. பாரத்தை நாம் ஏற்றவில்லை. இலட்சக்கணக்கானோர் உயிரும் ஓர் உலகப் போரின் முடிவும் தன் படச்சுருளில் அடங்கியிருப்பதாக நூலே கூறிக்கொள்கிறது. அவ்வளவு பெரிய பொருளைக் கையில் எடுத்தவர், அதன் எளிய பாதியை மட்டும் தந்துவிட்டுப் போயிருக்கிறார். எதிரியின் பொய் கொல்லும் என்று காட்டியவர், நம்முடைய பொய்யும் கொல்லக்கூடும் என்பதைக் காட்டாமல் விட்டார். இப்படிப்பட்ட நூல்களையே படித்து வளரும் இளைஞர், நம் பக்கத்துப் பொய்க்கு விலையே இல்லை என்று எண்ணிவிடக்கூடும். அவ்வெண்ணம் போர் முடிந்த பின்னும் அவர்கள் உள்ளத்தை விட்டு நீங்காது; அலுவலகத்திலும் அங்காடியிலும் அரசியலிலும் அது தொடரும்.

ஆயினும் நூலைப் படிக்க வேண்டாம் என்று நாம் கூறவில்லை. தீவுப் பகுதிக்காகவும் லூசிக்காகவும் அது படிக்கத் தக்கதே. அடைக்கலம் தந்த வீட்டில் இழைக்கப்படும் வஞ்சனையை இவ்வளவு கூர்மையாகக் காட்டிய நூல்கள் இவ்வகையில் குறைவு. படித்து முடித்தவர்கள் ஜோன்ஸின் நூலில் டல்விச் பற்றிய அந்தச் சிறு பகுதியையும் தேடிப் படிப்பாராயின், நாவலாசிரியர் எழுதாமல் விட்ட மறுபாதியை அங்கே காண்பர்.